காற்றுடன் ஒரு வழக்கு

மோட்டார் சைக்கிள் சரித்திரத்தில் மிகப் பிரசித்தமான புகைப்படம் எது என்று கேட்டால், விஷயம் தெரிந்தவர்கள் தயங்காமல் ஒரே படத்தைத்தான் சொல்வார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை வெளேரென்று உப்புப் பாலைவனம். நடுவே ஒரு கறுப்பு மோட்டார் சைக்கிள். அதன்மேல் ஓர் ஆசாமி. உட்கார்ந்திருக்கவில்லை, குளத்தில் நீச்சலடிப்பவர் மாதிரி குப்புறப் படுத்திருக்கிறார். கால்கள் இரண்டும் பின்சக்கரத்துக்கும் அப்பால் நீட்டிக்கொண்டிருக்கின்றன. உடம்பில் ஒரு குட்டை நிஜாரைத் தவிர வேறு துணி இல்லை.

அவர் பெயர் ரோலி ஃப்ரீ. அமெரிக்கர். இடம், யூட்டா மாகாணத்துப் பான்னவில் உப்புவெளி. நாள், 1948-ஆம் வருஷம் செப்டம்பர் 13. வின்சென்ட் என்னும் ஆங்கிலேய வண்டியை மணிக்கு 150 மைலுக்கு மேல் ஓட்டிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. முதலில் தோல் அங்கி அணிந்துதான் ஓட்டினார். காற்றின் வேகத்தில் அங்கி கிழிந்து போயிற்று. வண்டியின் வேகமும் 150-க்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. மனிதர் யோசித்தார். அங்கியைக் கழற்றி எறிந்தார். நீச்சல் நிஜாரும், தலைக்கு ஒரு நீச்சல் குல்லாவும், யாரிடமோ இரவல் வாங்கிய கான்வாஸ் ஜோடுமாக ஏறிப் படுத்துக்கொண்டார். இந்தத் தடவை 150.313 மைல்!

அப்போது அவருக்கு 47 வயது. படத்தைப் பார்த்தவுடன் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் ஏறக்குறைய என் வயதுக்காரர் ஒருவர், விழுந்தால் உப்பில் தோல் உரிந்துவிடும் என்று தெரிந்தும் அப்படிப் படுத்தார் என்றால், காற்று அவரை எவ்வளவு படுத்தியிருக்க வேண்டும்!

நம் புலவர்கள் தென்றலைப் பாடியதெல்லாம் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தபோது. காற்று அவர்களைத் தேடி வந்தது. அவர்கள் காற்றைத் தேடி விரையவில்லை. விரைந்து போகிறவனுக்குத்தான் அதன் சுபாவம் தெரியும். வேகம் இரண்டு மடங்கானால் காற்று மார்பில் கொடுக்கும் தள்ளு இரண்டு மடங்கோடு நிற்பதில்லை, நாலு மடங்காகிவிடுகிறது. அதை எதிர்த்து ஓட இஞ்சினுக்கு வேண்டிய சக்தியோ எட்டு மடங்கு. நாற்பது கிலோமீட்டரில் சட்டைக்குள் புகுந்து விளையாடுகிற அதே காற்று, நூற்றிருபதில் மல்யுத்தத்துக்கு வந்து நிற்கிறது.

ஐரோப்பாவில் இந்த வழக்கு அதற்கு முன்பே தொடங்கியாகிவிட்டது. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஹென்னே என்பவர் பி.எம்.டபிள்யூ. கம்பெனிக்காக வேக சாதனைகள் செய்துவந்தார். 1930-களில் எடுத்த அவருடைய படங்களைப் பார்த்தால், கூத்துக்கு வேஷம் கட்டியவரோ என்று தோன்றும். பின்பக்கம் கூராக நீண்ட வெள்ளைத் தலைக்கவசம். இடுப்புக்குப் பின்னால் வால் போல ஒரு கூம்பு. முன்னால் அல்லவா காற்று மோதுகிறது, பின்னால் எதற்குக் கூம்பு என்று கேட்கலாம். காற்றைக் கிழித்துக்கொண்டு போவது பெரிய காரியம் அல்ல. கிழித்த காற்றைப் பின்னால் மறுபடி தைத்து மூட வேண்டும், அதுதான் கஷ்டம். மூடாவிட்டால் முதுகுக்குப் பின்னால் ஒரு வெற்றுப் பள்ளம் உண்டாகி, ஓட்டுகிறவனைப் பின்னோக்கி உறிஞ்சுகிறது. வாசகர்கள் இந்தப் பள்ளத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையின் வில்லன் அதுதான்.

அப்புறம் ஹென்னே வாலை மட்டும் கட்டிக்கொள்வதோடு நிற்கவில்லை. வண்டியையும் தன்னையும் சேர்த்து மூடும் தகட்டுக் கூடு ஒன்றுக்குள் உட்கார்ந்து, 1937 நவம்பர் 28-ஆம் தேதி மணிக்கு 279.5 கிலோமீட்டர் வேகம் காட்டினார். 1951-இல் வில்ஹெல்ம் ஹெர்ட்ஸ் என்ற இன்னொரு ஜெர்மானியர் என்.எஸ்.யூ. வண்டியில் 290-ஐத் தொடும் வரை, பதினான்கு வருஷம் அதை யாரும் அசைக்கவில்லை. ஹென்னேயும் தீர்க்காயுசாக இருந்து, 101-வது வயதில் 2005-இல் காலமானார்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. எரிக் ஃபெர்னிஹோ என்ற ஆங்கிலேயர், ஹென்னேயின் சாதனையை முறியடிப்பதற்காகக் கூடு போர்த்திய பிரஃப் சுப்பீரியர் வண்டியை எடுத்துக்கொண்டு ஹங்கேரிக்குப் போனார். 1938 ஏப்ரல் 23-ஆம் தேதி, முழு வேகத்தில் வண்டி நிலைகுலைந்து அவரைத் தூக்கி எறிந்தது. பிழைக்கவில்லை. அதற்கு மூன்று மாதம் முன்பு, ஜனவரி 28-ஆம் தேதி, பிராங்க்பர்ட்டுக்கும் டார்ம்ஸ்டாட்டுக்கும் இடையிலுள்ள நெடுஞ்சாலையில் பெர்ண்ட் ரோஸ்மேயர் இறந்தார். அவர் ஓட்டியது மோட்டார் சைக்கிள் அல்ல, ஆட்டோ யூனியன் கார். ஆனாலும் அந்தச் சம்பவத்தை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. சாலையின் இரு பக்கமும் மரங்கள் அடர்ந்திருந்தன. மரம் இல்லாத ஓர் இடைவெளியில் பக்கவாட்டிலிருந்து ஒரு வீச்சுக் காற்று வந்தது. மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருந்த கார் சாலையை விட்டுப் போய்விட்டது. எதிர்க்காற்றை ஏமாற்றச் செய்த வழவழப்பான கூடு, பக்கக் காற்றுக்குப் பாய்மரம் ஆகிவிட்டது.

யுத்தம் முடிந்த பிறகு இந்தப் பாடத்தைக் கொஞ்சம் சாவகாசமாகப் படிக்க உட்கார்ந்தவர்கள் இத்தாலியர்கள். கோமோ ஏரிக்கரையில் மண்டெல்லோ என்ற ஊரில் மோட்டோ குட்ஸி தொழிற்சாலை இருக்கிறது. 1950-இல் அங்கே ஒரு காற்றுச் சுரங்கம் கட்டினார்கள். பொம்மை வண்டியை வைத்துப் பார்க்கும் சின்னச் சுரங்கம் அல்ல. ஆள் ஏறிப் படுத்த முழு வண்டியையே உள்ளே நிறுத்தி, அதன்மேல் புயலை ஏவிவிடலாம். மோட்டார் சைக்கிள் கம்பெனி ஒன்று சொந்தமாக இப்படிக் கட்டியது அதுவே முதல் தடவை.

அந்தச் சுரங்கமும் மற்றக் கம்பெனிக்காரர்களின் சோதனைகளும் சேர்ந்து, பந்தய வண்டிகளுக்கு ஒரு புது முகத்தைக் கொடுத்தன. முன்சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்து விழுங்கிய, உருண்டு திரண்ட ஒரு கூடு. அது அழகாக இருக்கிறது என்று இத்தாலியர்கள் நினைத்திருக்கலாம். ஆங்கிலேயர்கள் அதற்கு வைத்த பெயர் 'குப்பைத்தொட்டி'. பெயர் எப்படியிருந்தால் என்ன, வேகம் கொடுத்தது. 1957-இல் மான் தீவுப் பந்தயத்தின் பொன்விழாவில், பாப் மெக்கின்டயர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கிலெரா வண்டியில் அந்த மலைச் சாலையை முதன்முறையாகச் சராசரி 100 மைலுக்கு மேல் சுற்றி வந்தார். துல்லியமாகச் சொன்னால், 101.12 மைல்.

ஆனால் அந்தச் சீசன் முடிந்ததும் சர்வதேசச் சம்மேளனம் குப்பைத்தொட்டியைத் தடை செய்துவிட்டது. 1958 முதல் பந்தய வண்டியின் முன்சக்கரம் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்பது சட்டம். காரணம், ரோஸ்மேயரைக் கொன்ற அதே பக்கக் காற்று. அம்புக்கு இறகைப் பின்னால் கட்டுகிறோம். அதனால் அம்பு நேராகப் போகிறது. இறகை முன்னால் கட்டிய அம்பை எண்ணிப் பாருங்கள். குப்பைத்தொட்டி வண்டி அந்த மாதிரி. முன்பக்கம் கனமான முகம். பக்கக் காற்று அதைப் பிடித்துத் தள்ளினால் வண்டி திரும்பிக்கொள்ளும். மலைச் சாலையில் ஒரு சுவரைத் தாண்டி வெளியே வரும்போது அப்படித் தள்ளினால் ஓட்டுகிறவன் கதி என்ன? தடை சரியானது என்பது என் அபிப்பிராயம். வேக ரசிகர்கள் சிலர் இன்னும் ஒப்புக்கொள்வதில்லை.

பந்தயக்காரர்களை விட்டுவிட்டு, ஆபீசுக்குப் போகிறவர்களிடம் வருவோம். அவர்களுக்காகவும் ஒருவர் கவலைப்பட்டார். ரோலி ஃப்ரீ படுத்துச் சென்ற அதே வின்சென்ட் வண்டியைச் செய்த பிலிப் வின்சென்ட்தான் அவர். கோட்டும் சூட்டுமாக ஒரு கனவான் ஏறி உட்கார்ந்து, இறங்கும்போதும் கனவானாகவே இறங்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, 'பிளாக் பிரின்ஸ்' என்ற மூடிய வண்டியை 1954-இல் லண்டன் கண்காட்சியில் வைத்தார். வேகத்துக்காக ஒருவரை நிஜாரோடு படுக்க வைத்த வண்டி, ஆறு வருஷத்தில் இன்னொருவரை வேஷ்டி கலையாமல் கூட்டிப் போகப் புறப்பட்டது! ஜனங்கள் வாங்கவில்லை. 1955 முடிவதற்குள் கம்பெனி மோட்டார் சைக்கிள் செய்வதையே நிறுத்திவிட்டது. ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டுகாரர்களும் 1950-களின் கடைசியில் 'ஏர்ஃப்ளோ' என்று ஒரு சட்டை தைத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய கூட்டில் 1955-இல் சென்னையில் தொடங்கி, திருவொற்றியூரில் பெயர் வாங்கிய நம் புல்லட், சட்டை இல்லாமலேதான் ஓடிற்று. நமது சீதோஷ்ணத்துக்கு அதுவே உசிதம் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

சாதாரண ஓட்டிக்குக் காற்றுத் தடுப்பைக் கொண்டுவந்து சேர்த்தவர் கிரெய்க் வெட்டர். அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்துக்காரர். 1971-இல் அவர் கொண்டுவந்த 'விண்ட்ஜாமர்', ஏறக்குறைய எந்தப் பெரிய வண்டிக்கும் பொருந்தும்படி செய்த முன்கூடு. மேலே ஒரு கண்ணாடி. கைகளுக்கும் முழங்காலுக்கும் மறைப்பு. கைப்பிடியில் மாட்டாமல் வண்டியின் சட்டத்தில் மாட்டினார். அதனால் காற்றுத் தள்ளினாலும் கைப்பிடி திரும்பாது. விற்பனை பிய்த்துக்கொண்டு போயிற்று. கண்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மோட்டார் சைக்கிளில் போவது என்பது வைராக்கியம் உள்ளவர்களின் காரியமாக இருந்தது. வெட்டர் அதை விடுமுறைப் பொழுதுபோக்கு ஆக்கினார்.

மார்பில் அடித்த காற்று நின்றது. வழக்கும் தீர்ந்தது என்றுதானே நினைப்போம்? அப்போதுதான் எதிர்க்கட்சி புது வக்கீலை வைத்தது.

எனக்கு ஒரு நண்பர் உண்டு. வேலையிலிருந்து சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டு, பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கி, முன்னால் ஒரு கண்ணாடியும் மாட்டினார். சென்னையிலிருந்து வேலூர் வரை போய் இறங்கியபோது தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "கண்ணாடி இல்லாதப்போ காத்து தள்ளிச்சு. அது பரவாயில்லை. கண்ணாடி போட்டதுக்கு அப்புறம் ரெண்டு கன்னத்திலும் மாறி மாறி அறையுது" என்றார். இன்னும் உயரமான கண்ணாடி வாங்கினார். அறை இன்னும் பலமாக விழுந்ததாம்.

அவர் சொன்ன 'மாறி மாறி' என்ற வார்த்தைதான் முக்கியம். ஆடி மாதம் காவிரியில் பாலத்துத் தூணுக்குப் பின்னால் தண்ணீரைப் பார்த்திருக்கிறீர்களா? தூணின் இடது ஓரத்திலிருந்து ஒரு சுழி பிறந்து மிதந்து போகும். அது போனதும் வலது ஓரத்திலிருந்து ஒன்று. மறுபடி இடது. எண்ணிப் பார்த்தால் தாளம் தவறாது. தூணுக்குப் பின்னால் உண்டாகும் பள்ளத்தை நிரப்பத் தண்ணீர் இரண்டு பக்கமும் முண்டியடித்துக்கொண்டு வருவதால் நேர்கிற விளையாட்டு இது.

காற்றும் இதையே செய்கிறது என்பதை 1878-இல் செக் நாட்டு விஞ்ஞானி வின்சென்ஸ் ஸ்ட்ரௌஹால் காதால் கேட்டே கண்டுபிடித்தார். காற்றில் கம்பி பாடுகிறதே, அந்தச் சுருதி எதைப் பொறுத்தது என்று ஆராய்ந்தார். கம்பியின் நீளமோ முறுக்கோ அதற்குக் காரணம் அல்ல. காற்றின் வேகமும் கம்பியின் பருமனுமே காரணம் என்று கண்டார். பிறகு 1911-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் சர்வகலாசாலையில் ஒரு வேடிக்கை நடந்தது. ஹீமென்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவர் ஓடும் தண்ணீரில் ஓர் உருளையை நிறுத்தி அளந்துகொண்டிருந்தார். தண்ணீர் ஆடிக்கொண்டே இருந்தது. உருளை சரியான வட்டம் இல்லை என்றார் பேராசிரியர் பிராண்ட்டில். இழைத்துச் சரிசெய்தார் மாணவர். அப்போதும் ஆடிற்று. அந்தப் பக்கம் தினம் காலையில் போகும் தியோடர் ஃபான் கார்மன் என்ற இளைஞர், இன்றைக்காவது நின்றதா என்று விசாரிப்பார். மாணவர் சோகமாகத் தலையசைப்பார். எப்போதும் ஆடுகிறது என்றால் அதற்கு இயற்கையிலேயே ஒரு காரணம் இருக்க வேண்டும் அல்லவா என்று கார்மன் கணக்குப் போட உட்கார்ந்தார். மாறி மாறிப் பிறக்கும் சுழிகளின் வரிசைதான் நிலைத்து நிற்கக்கூடியது என்று கணக்குச் சொல்லிற்று. இன்று உலகம் முழுவதும் அதற்கு அவர் பெயர்தான் வழங்குகிறது. பிற்காலத்தில் அவரே, இத்தாலியில் பொலோஞா நகரத்துப் பழைய ஓவியம் ஒன்றில், ஆற்றைக் கடக்கும் புனித கிறிஸ்தபரின் காலுக்குப் பின்னால் ஓவியன் இதே சுழிகளை எழுதியிருப்பதைக் கண்டதாகச் சொன்னார். கணக்குத் தெரியாத சித்திரக்காரன் கண்ணால் பார்த்ததை வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

நண்பருடைய கண்ணாடியின் அகலம் சுமார் 40 சென்டிமீட்டர். தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்துக்கு ஸ்ட்ரௌஹால் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தூணுக்கு ஏற்பட்ட கணக்கு கண்ணாடிக்கு அப்படியே பொருந்தாது; ஆனாலும் உத்தேசமாக விநாடிக்குப் பத்துப் பன்னிரண்டு சுழிகள் வருகின்றன. ஒன்றரைக் கிலோ ஹெல்மெட்டைக் கழுத்தின் உச்சியில் வைத்து, விநாடிக்குப் பத்துத் தடவை இரண்டு பக்கமும் தட்டினால் தலை வலிக்காமல் என்ன செய்யும்? பார்வை கலங்குகிறது, எதிரே வரும் லாரியின் நம்பர் பலகை இரண்டாகத் தெரிகிறது. சப்தம் வேறு. நூறு கிலோமீட்டரில் ஹெல்மெட்டுக்குள் 90 டெசிபெல்லைத் தாண்டுகிறது. தொழிற்சாலைகளில் நாள் முழுவதும் கேட்கக்கூடாது என்று எச்சரிக்கும் அளவே 85 தான். காது போகிறது என்று தெரியாமலே காது போகும்.

உயரமான கண்ணாடி ஏன் உதவவில்லை என்பது இப்போது விளங்கும். கண்ணாடி பெரிதானால் அதன் பின்னாலுள்ள பள்ளமும் பெரிதாகிறது. பள்ளத்தை நிரப்ப மேலிருந்தும் பக்கத்திலிருந்தும், பெட்ரோல் டாங்குக்கு அடியிலிருந்தும்கூடக் காற்று பாய்ந்து வருகிறது. எல்லாம் சந்திக்கிற இடம் ஓட்டுகிறவன் தலை.

இதற்கு மருந்து ஆகாய விமானத்திலிருந்து வந்தது. குஸ்டாவ் லாக்மன் என்ற ஜெர்மானிய விமானி முதல் உலக யுத்தத்தில் விழுந்து அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். இறக்கையின் மேல் காற்று பிய்த்துக்கொண்டு போனதால்தானே விழுந்தோம். இறக்கையில் ஒரு பிளவு வைத்துக் கீழிருந்து கொஞ்சம் காற்றை மேலே அனுப்பினால் ஒட்டிக்கொள்ளுமே என்று தோன்றிற்று. 1918-இல் பேடண்டுக்கு விண்ணப்பித்தார். ஏறக்குறைய அதே சமயத்தில் இங்கிலாந்தில் ஹாண்ட்லி பேஜ் என்பவரும் இதே யோசனைக்கு வந்திருந்தார். யார் முந்தி என்று சண்டை போட வேண்டிய இருவரும் சமாதானமாகி, லாக்மன் பிற்பாடு ஹாண்ட்லி பேஜிடமே வேலைக்குச் சேர்ந்தார். கதையில் எழுதினால் ஆசிரியர் நம்பமாட்டார்.

1983-இல் வந்த பி.எம்.டபிள்யூ. கே 100 ஆர்.எஸ். வண்டியின் கண்ணாடி விளிம்பில் ஒரு சின்ன இறக்கை இருந்தது. ஓட்டுகிறவர் தம் உயரத்துக்குத் தக்கபடி அதைச் சாய்த்துக்கொள்ளலாம். கண்ணாடியைத் தாண்டும் காற்றை அது இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி, தலைக்கு மேலாக அனுப்பும். ஹார்லி டேவிட்சன்காரர்கள் 1969 முதல் வௌவால் இறகு போன்ற முன்கூடு போட்டு வந்தார்கள். 2013-இல்தான் அதன் கண்ணாடிக்கு அடியில் திறந்து மூடும் ஒரு பிளவு வைத்தார்கள். பிளவு வழியே போகும் காற்று பள்ளத்தை நிரப்பிவிடுகிறது. பள்ளம் நிரம்பியபின் சுழிகளுக்கு வேலை இல்லை. தலையாட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாகக் கம்பெனி சொல்லிற்று. நாற்பத்துநாலு வருஷம் யாரும் அந்த ஓட்டையைப் போடாததுதான் எனக்கு ஆச்சரியம்.

இன்று கடைகளில் விற்கும் ஒட்டுச் சாதனங்கள் எல்லாம் இந்த இரண்டு யோசனைகளின் பிள்ளைகள். கண்ணாடியின் விளிம்பில் கவ்வியால் பிடித்து, முன்னும் பின்னும் சாய்க்கக்கூடிய ஒரு சின்னப் பலகை. அதற்கும் கண்ணாடிக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி. முன்சக்கரக் கால்களுக்குப் பக்கத்தில் மாட்டும் சிறு தகடுகளும் உண்டு. அவை டாங்குக்கு அடியிலிருந்து கிளம்பி மேலே வரும் காற்றைத் தடுக்கின்றன. எது யாருக்குப் பொருந்தும் என்பதை எந்தப் பெட்டியின் மேலும் அச்சடிக்க முடியாது. ஓட்டுகிறவர் இரண்டு அங்குலம் உயரம் கூடினால் கணக்கு மாறிவிடும்.

நண்பருக்கு அதைச் செய்து கொடுத்தவர் புதுப்பேட்டையில் ஒரு வயதான மெக்கானிக். அவர் கார்மனைக் கேள்விப்பட்டவர் அல்ல. உயரக் கண்ணாடியைக் கழற்றிப் பழைய குட்டைக் கண்ணாடியையே மாட்டச் சொன்னார். உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அக்ரிலிக் துண்டை வெட்டி, இரண்டு கவ்விகளால் விளிம்பில் பிடித்து, நடுவில் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டார்.

"என்ன பாய், இவ்வளவு சந்து விட்டா காத்து உள்ளே வராதா?" என்றார் நண்பர்.

"வரணும் சார். அதுக்குத்தான் விட்டிருக்கு."

பின்சீட்டில் மனைவியையும் ஏற்றிக்கொண்டு நண்பர் அந்த வாரமே வேலூர் வரை போய்வந்தார். நடுவில் இரண்டு தடவை நிறுத்தித் துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துப் பார்த்தாராம். திரும்பி வந்ததும் நேரே என்னைப் பார்க்க வந்தார். முகத்தில் பழைய வேதனை இல்லை. வேறு ஏதோ சங்கடம் தெரிந்தது.

"எனக்குத் தலைவலி சுத்தமா இல்லை. ஆனா இப்போ காத்து என் தலையைத் தாண்டிப் போய் அவளை அறையுதாம். பாய்கிட்ட சொன்னேன். அம்மாவையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க, உட்கார வெச்சு அளந்துக்கணும்கிறார்" என்றார்.